துலக்கும் கருவியையும் துலக்குதல் வேண்டும்

பித்தளைக் குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் தும்பினால் துலக்கும் வழக்கம் நம்மவர் இல்லங்களில் இன்னும் அற்றுப்போகவில்லை. விளக்குத் துலங்கியதும் தும்பை அலசிப் பிழிந்து காயவைத்த பின்னரே இல்லத்தரசியின் வேலை முடிவு பெறுகின்றது. களிம்பும் கரியும் ஏறிய தும்பை அப்படியே மூலையிற் போட்டுவைத்து, அடுத்த வெள்ளிக்கிழமை அதனையே எடுத்துத் தேய்த்தால் பழைய கறையே விளக்கில் மீண்டும் ஏறும். இது யாவரும் அறிந்ததே. ஆயினும், விளக்கினும் பன்மடங்கு விலைபெற்ற மோட்டார் வண்டியைத் துலக்கும்போது இவ்வுண்மையை நம்மிற் பலர் மறந்துவிடுகின்றனர்.

இக்கிழமை நாம் எடுத்துக்கொண்ட பொருள், கார்களுக்குப் பொலிஷ் போடும் இயந்திரத்தின் முனையிற் பொருத்தப்படும் ஸ்பொஞ்ச் வட்டைக் கழுவிப் பேணும் முறையாகும். தொழிலாளர் இதனைப் 'பாட்' என்று சுருக்கமாக வழங்குவர். 'கட் அண்ட் பொலிஷ்' என்னும் பலகை கண்டி நகரிலும் சுற்றூர்களிலும் வீதியோரங்களில் தொங்குவதை வாசகர்கள் கண்டிருப்பர். அத்தொழிலிற் புகுந்திருக்கும் இளைஞர்களுக்கும், விடுமுறை நாளில் வீட்டு முற்றத்திலே தந்தையும் மைந்தனுமாகத் தம் வண்டியைத் தாமே துலக்கிக்கொள்ளும் குடும்பத்தினருக்கும் இக்கட்டுரை பயன்படும் என நம்புகின்றோம்.

ஒரு ஸ்பொஞ்சுத் துண்டைப் பற்றி இத்துணை விரித்துப் பேசுவானேன் என்று கேட்பார் சிலர் இருக்கலாம். 2020ஆம் ஆண்டில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் பாவனைக்கான வாகனங்களுக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியிலேயாம். இடைப்பட்ட ஐந்தாண்டுக் காலத்திலே உள்ள வண்டியைப் பேணிக்கொள்வதன்றி மக்களுக்கு வேறு போக்கு இருக்கவில்லை. வழி திறந்த பின்னரும் வரிச்சுமை காரணமாகப் புதிய வண்டி நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் பொருளாகிவிடவில்லை. பாடசாலை வான் ஓட்டுபவருக்கும் முச்சக்கர வண்டி ஓட்டுபவருக்கும் வண்டியே வயலும் வரம்பும். அதன் மேனி கெட்டால் விலை கெடும். பூச்சுக் கெட்டால் தகடு துருப்பிடிக்கும். ஆகவே இஃது அழகு பற்றிய பேச்சு மாத்திரம் அன்று.

மயிரிழையிலும் மெல்லிய செல்வம்

இக்காலத்துக் கார்களின் நிறப்பூச்சுக்கு மேலே நிறமற்ற, பளிங்கு போன்ற பூச்சு ஒன்று உண்டு. அதனைக் 'கிளியர் கோட்' என்பர். வெயிலின் கடுமையிலிருந்து நிறத்தைக் காப்பதும், பளபளப்பைத் தருவதும் அதுவே. அதன் தடிப்பு ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரோன். ஒரு மைக்ரோன் என்பது ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பே பெரும்பாலும் இதனினும் கூடியது.

பொலிஷ் போடுதல் என்றால் புதிதாக எதையோ பூசுதல் என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. மெழுகு பூசுவது வேறு; பொலிஷ் போடுவது வேறு. பொலிஷிலே மிக நுண்ணிய தேய்பொடி கலந்திருக்கின்றது. அப்பொடி மேற்பூச்சில் ஒரு சில மைக்ரோன் அளவைத் தேய்த்தெடுத்து, கீறலின் மேடுபள்ளங்களைச் சமப்படுத்துகின்றது. சமமான பரப்பிலே ஒளி ஒழுங்காகத் தெறிப்பதனாற் பளபளப்பு உண்டாகின்றது. எனவே கிளியர் கோட் என்பது, பணத்தை எடுக்க மட்டும் இயலும், மீண்டும் இட இயலாத சேமிப்புப் புத்தகம் போன்றது. அழுக்கு வட்டினாற் பொலிஷ் போட்டுப் புதிய கீறல்களை உண்டாக்கி, அக்கீறல்களைப் போக்க மறுமுறையும் தேய்ப்பவர் அச்சேமிப்பை வீணே செலவு செய்கின்றார்.

கண்டிப் பகுதியிலே இதற்கு ஒரு தனிக் காரணமும் உண்டு. நம் மலைநாட்டின் அடித்தளம் நைஸ், குவார்ட்சைற்று முதலிய தொன்மையான பாறைகளாலானது. அப்பாறைகள் சிதைந்து உண்டாகும் மணலிலும் வீதித் தூசியிலும் குவார்ட்ஸ் மணிகள் மிகுதி. கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலிலே குவார்ட்ஸ் 7ஆம் இடத்தில் இருப்பது. சாளரக் கண்ணாடி 5½ அளவில் நிற்பது. கண்ணாடியையே கீறவல்ல அம்மணி, அதனினும் மென்மையான கிளியர் கோட்டை என் செய்யாது? மழைநாளிலே மண்மேடு சரிந்த மலைவீதியால் வந்த வண்டியைச் சரியாகக் கழுவாமற் பொலிஷ் தொடங்கினால், அம்மணிகள் ஸ்பொஞ்சின் கண்ணறைகளிற் புகுந்து அமர்ந்துகொள்ளும். பின்னர் வண்டியைத் தேய்ப்பது பொலிஷ் அன்று, மணலே.

ஸ்பொஞ்ச் வட்டு என்பது யாது?

ஸ்பொஞ்ச் வட்டுகள் வருவதற்கு முன்னர் ஆட்டு உரோமத்தாலான வட்டுகளே இத்தொழிலிற் பயன்பட்டன. இன்றும் கடுமையான வேலைக்கு அவற்றைக் கொள்வர். நுரைப்பொருள்களிலே முதலிற் பெயர்பெற்றது இறப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து ஆக்கியது. 1929ஆம் ஆண்டளவில் இங்கிலாந்தின் டன்லொப் கம்பெனியார் அம்முறையைக் கண்டனர். இங்கு ஒன்று நினைவு கூரத்தக்கது. ஆசியாவிலே இறப்பர்ச் செய்கைக்கு வித்திட்ட நாடுகளுள் நமது இலங்கையும் ஒன்று. 1876ஆம் ஆண்டிலே கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன.

ஆயினும், இன்று கார்களுக்குப் பயன்படும் வட்டுகள் பெரும்பாலும் இறப்பர்ப் பாலால் ஆனவை அல்ல. அவை பொலியூரித்தேன் என்னும் செயற்கைப் பொருளால் ஆனவை. ஜெர்மனியிலே ஒற்றோ பேயர் என்னும் இரசாயன அறிஞரும் அவருடைய துணைவரும் 1937ஆம் ஆண்டில் இதற்கு வழிகண்டனர். இரண்டு திரவங்கள் கூடுமிடத்து வாயு பிறந்து, அப்பம் பொங்குவது போலக் கலவை பொங்கி, எண்ணற்ற கண்ணறைகளுடன் இறுகுகின்றது. அக்கண்ணறைகளே வட்டின் உயிர். அவை பொலிஷைத் தாங்கும்; அழுத்தத்தைப் பரப்பும்; காற்றை உட்செலுத்திச் சூட்டைத் தணிக்கும். தேய்ந்த பூச்சின் தூளும், உலர்ந்த பொலிஷும், எண்ணெய்ப் பசையும் சென்று தங்கும் அறைகளும் அவையேயாம். கண்ணறைகள் அடைபட்டதும் மெத்தென்ற ஸ்பொஞ்ச் மரப்பலகை போலாகிவிடுகின்றது.

அடைபட்ட வட்டிலே சூடும் மிகும். சுழற்சியும் உராய்வும் சேர்ந்தால் எத்துணைச் சூடு பிறக்கும் என்பதை அறிய, கடைசலிற் செய்யும் அரக்கு வேலையைப் பார்த்தல் போதும். சுழலும் மரத்தின்மீது அரக்குக் குச்சியை அழுத்துவர். உராய்வுச் சூட்டில் அரக்கு இளகி மரத்திற் பரவும். அதனை ஓலை நறுக்கினாற் சமப்படுத்தி மெருகேற்றுவர். அங்கே சூடு கைவினைஞனுக்குத் தோழன். காரின் மேனியிலோ அது பகைவன். மிகுந்த சூடு பூச்சை மங்கச் செய்யும்; ஸ்பொஞ்சைக் கிழிக்கும்; வட்டின் முதுகில் வெல்குரோத் துணியை ஒட்டியிருக்கும் பசையையும் இளக்கும்.

வேலையின் நடுவே

வட்டைச் சுத்தஞ் செய்தல் வேலை முடிந்தபின் தொடங்குவது என்று எண்ணுவது முதற் பிழை. அது வேலையின் நடுவிலேயே தொடங்குதல் வேண்டும். பொனெட், கதவு, கூரை என ஒவ்வொரு பகுதி முடியுந்தோறும் இயந்திரத்தை நிறுத்துக. மென்மையான நைலோன் தூரிகையால் வட்டின் முகத்தை நன்கு தட்டித் துடைத்துத் தூளை உதிர்க்குக. அதன்பின் சுத்தமான துவாய் ஒன்றை முகத்தோடு அழுத்திப் பிடித்து, இயந்திரத்தை மிக மெதுவாகச் சில விநாடிகள் ஓட்டினால் எஞ்சிய ஈரமும் பசையும் துவாயில் இறங்கும். துவாயின் நுனி தொங்கிச் சுற்றிக்கொள்ளாதவாறு மடித்துப் பிடித்தல் அவசியம். கண்ணுக்குக் கண்ணாடி அணிதல் நன்று. வட்டை மாற்றும் போதெல்லாம் மின்செருகியைக் கழற்றிவிடுதல் வேண்டும்.

ஒரே வட்டைக்கொண்டு ஒரு வண்டி முழுவதையும் முடிக்க முயல்வது சிக்கனம் ஆகாது. இரண்டு மூன்று வட்டுகளை மாறிமாறிப் பயன்படுத்தினால் ஒவ்வொன்றும் சூடு தணிய இடம் கிடைக்கும், நெடுங்காலம் உழைக்கும். கரடான பொலிஷுக்குக் கொண்ட வட்டை மெல்லிய பொலிஷுக்குக் கொள்ளலாகாது. வட்டின் நிறத்தைக் கண்டு அதன் தன்மையைத் தீர்மானிப்பதும் தகாது. நிறமுறை கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். முதுகிலே மையினால் 'கரடு', 'நடு', 'மெல்' என்று எழுதிவைத்தல் எளிய வழி.

நிலத்தில் விழுந்த வட்டை ஊதிவிட்டு மீண்டும் பொருத்துபவர்களைக் காண்கின்றோம். ஊதுவதனால் குவார்ட்ஸ் மணி போய்விடாது. விழுந்த வட்டை அக்கணமே ஒதுக்கி வைக்க வேண்டும். நன்கு கழுவிய பின்னரும் விரலால் தடவும்போது மணல் நெருடினால் அதனைக் காருக்குப் பயன்படுத்தாது விடுவதே அறிவுடைமை.

கழுவும் முறை

வேலை முடிந்த அன்றைக்கே, பொலிஷ் உலர்ந்து இறுகுமுன், வட்டைக் கழுவுதல் வேண்டும். இதற்கு வேண்டியன இரண்டு வாளிகள், பாத்திரங் கழுவும் திரவச் சவர்க்காரம், மென்மையான தூரிகை ஒன்று ஆகியவையே.

முதலாவது வாளியிலே கை பொறுக்கும் இளஞ்சூட்டு நீரை எடுத்து, சில துளி சவர்க்காரத்தைக் கலக்குக. வட்டை நனைத்து, பெருவிரல்களால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி மெதுவாக அமுக்கி அமுக்கிப் பிசைந்தால், கண்ணறைகளிலிருந்து சாம்பல் நிறக் கலங்கல் வெளிவரும். பிடிவாதமான கறைக்கு ஒரு துளி சவர்க்காரத்தை நேரே இட்டுத் தூரிகையால் வட்டமாகத் தேய்க்கலாம். பின்னர் இரண்டாவது வாளியின் நல்ல நீரில் அலசுக. வெண்ணிறக் கோப்பை ஒன்றிலே வட்டைப் பிழிந்து பார்த்து, நீர் தெளிவாக இறங்கும்வரை இரண்டாவது வாளியின் நீரை மாற்றி மாற்றி அலசுதல் வேண்டும். சவர்க்காரம் எஞ்சினால் அடுத்த முறை பொலிஷ் சரியாக வேலை செய்யாது.

செய்யத் தகாதனவும் சில உண்டு. ஈரச் சேலையை முறுக்குவது போல வட்டை முறுக்குதல் ஆகாது. உள்ளங்கைகளுக்கிடையே வைத்து அமுக்குவதே முறை. இரவு முழுவதும் நீரில் ஊறவிடுதல் ஆகாது, பசை விட்டுப்போகும். கொதிநீரும் ஆகாது. பெற்றோல், மண்ணெண்ணெய், தின்னர் ஆகியவை ஸ்பொஞ்சை ஊதச் செய்து கெடுக்கும். தீ விபத்துக்கும் இடமாகும். துணி வெளுக்கும் குளோரின் திரவமும் வேண்டாம். சலவை இயந்திரத்திற் போட்டு மற்றத் துணிகளோடு சுழற்றுவாரும் உளர். வட்டில் எஞ்சிய தேய்பொடி பிள்ளைகளின் பள்ளிச் சீருடைக்கு நன்மை செய்யாது.

மழைநாட்டில் உலர்த்துதல்

கண்டியிலே கழுவுவது எளிது, உலர்த்துவதே அரிது. ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மழை கனத்துக் காற்றும் ஈரமாக இருப்பதனால், வெளியே உலர்ந்தது போலத் தோன்றும் வட்டின் உள்ளே நீர் தங்கி நிற்கும். ஈர வட்டிற் பொலிஷ் நீர்த்துப்போய்ச் சிதறும். அதனினும் கேடு, சில நாளிற் பூஞ்சணம் பிடித்து நாற்றம் எழுவதாகும்.

கழுவிய வட்டை உலர்ந்த துவாயிற் சுற்றி அமுக்கி, இயன்றளவு நீரை முதலில் எடுத்துவிடுக. பின்னர் ஸ்பொஞ்ச் முகம் கீழ்நோக்கவும் வெல்குரோ முதுகு மேல்நோக்கவும் கம்பித் தட்டொன்றின் மீது வைத்து, நிழலிற் காற்றோட்டமான இடத்தில் விடுக. இவ்வாறு வைத்தால் நீர் கீழிறங்கும். பசையுள்ள முதுகிலே தேங்காது. மழைநாளில் மின்விசிறியின் காற்றுப் போதும். வெயிலிலே காயவைத்தல் விரைவான வழியாகத் தோன்றலாம். ஆனால் கடும் வெயில் பொலியூரித்தேனை மஞ்சளாக்கிப் பொடியச் செய்யும். அடுப்பருகே வைப்பதும் தலைமயிர் உலர்த்தும் கருவியைக் காட்டுவதும் வேண்டாதவை.

முழுவதும் உலர்ந்ததா என அறிவதற்கு மாணவர்கள் மகிழ்ந்து செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. புதிய வட்டைச் சமையலறைத் தராசில் நிறுத்து, நிறையைக் கிராமில் முதுகின்மேல் எழுதிவைக்குக. கழுவிய பின் காலையும் மாலையும் நிறுத்து அட்டவணை ஒன்றில் குறித்துவருக. நிறை நாளுக்கு நாள் குறைந்து, இரண்டு முறை அடுத்தடுத்து ஒரே அளவில் நின்றால் வட்டு உலர்ந்துவிட்டது எனக் கொள்ளலாம். அந்நிறை முதலில் எழுதியதனினும் கூடியிருப்பின் உள்ளே பொலிஷ் எஞ்சியிருக்கின்றது. மறுபடியும் கழுவுதல் வேண்டும். நவம்பர் மாத அட்டவணையையும் பெப்ரவரி மாத அட்டவணையையும் ஒப்பிட்டால், நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தைப் பற்றிப் பாடநூலிற் படித்தது கைமேல் விளங்கும்.

உலர்ந்த வட்டுகளைத் தூசி புகாத பெட்டியிலே தனித்தனியாக வைக்குக. மேலே பாரம் ஏற்றுதல் ஆகாது. இயந்திரத்தை வட்டின்மேல் நிற்க வைத்துவிட்டுப் போதலும் ஆகாது. ஸ்பொஞ்ச் ஒருபுறம் அமுங்கிப் பின்னர் ஆட்டங் காணும். முகம் கிழிந்தது, அமுக்கினால் மீண்டும் எழாதது, ஓரத்தில் முதுகு பெயர்ந்தது ஆகிய வட்டுகளைச் சக்கரங் கழுவுவதற்குக் கையாற் பயன்படுத்தலாம்; இயந்திரத்திற் பூட்டலாகாது.

கழுவிய நீர் எங்கே போகின்றது?

நிற்க, இனிச் சொல்லப்போவதே எல்லாவற்றிலும் முக்கியமானது. வட்டிலிருந்து வெளியேறிய அழுக்கு அழிந்துவிடவில்லை. வாளிக்கு இடம் மாறியிருக்கின்றது. அவ்வாளியை வீதியோர வடிகாலிற் கவிழ்த்தால் அஃது எங்கே செல்லும்? ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் அமைந்த கண்டி வாவியின் மிகைநீர், மெத எல என்னும் கால்வாய் வழியே நகரினூடு ஓடி, கெட்டம்பேயில் மகாவலி கங்கையிற் கலக்கின்றது. நகரின் வடிகால்கள் பலவும் அக்கால்வாயிலேயே விழுகின்றன. மகாவலியோ அங்கிருந்து நகரைச் சுற்றிக் கட்டுகஸ்தோட்டைக்குச் செல்கின்றது. அங்கே அவ்வாற்று நீரை எடுத்துச் சுத்திகரித்துக் குடிநீராக வழங்குகின்றனர். நாம் வீதியிற் கவிழ்த்த நீர் நம்மவர் வீட்டுக் குழாயை நோக்கியே பயணஞ் செய்கின்றது என்பதில் ஐயமில்லை. 1999ஆம் ஆண்டிலே கண்டி வாவியில் நுண்பாசி பெருகி நீர் பச்சையாகிய செய்தியை மூத்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நீர்நிலையிற் சேரும் கழிவுகள் அத்தகைய பாசிக்கு உரமாகின்றன.

ஒரு வீட்டு வாளி பெரிய தீங்கு செய்யாது என்பது மெய்யே. நாள்தோறும் பல வண்டிகளைத் துலக்கும் இடத்தில் அவ்வாறு சொல்லிவிட முடியாது. வழியோ மிக எளிது. அழுக்கு நீர் முழுவதையும் முதலாவது வாளியிலேயே சேர்த்து, ஓர் இரவு அசையாது வைத்தால் தேய்பொடியும் பூச்சுத் தூளும் அடியில் மண்டியாகப் படியும். மேலுள்ள நீரை மெதுவாக இறுத்து, வீதி வடிகாலில் அன்றி, வீட்டின் கழிவுநீர்க் குழியிற் சேரும் தொட்டியில் ஊற்றுக. மண்டியைப் பழந்துணியில் வடித்து உலர்த்திக் குப்பையோடு சேர்க்குக. கிணற்றருகிலும் கீரைப்பாத்தியிலும் ஊற்றுதல் கூடாது.

நவராத்திரி நிறைவில் ஆயுத பூசையன்று வண்டிக்கு மாலையிட்டுச் சந்தனப் பொட்டும் வைக்கின்றோம். உளியையும் தையல் இயந்திரத்தையும் துடைத்துப் படைக்கின்றோம். நமக்குச் சோறிடும் கருவிக்கு நாம் செய்யும் மரியாதை அது. பொலிஷ் வேலையால் வயிறு வளர்க்கும் இளைஞனுக்கு அந்த ஸ்பொஞ்ச் வட்டும் ஓர் ஆயுதமே. ஆண்டுக்கு ஒரு நாள் பூவைப்பதோடு நில்லாது, வேலை முடியுந்தோறும் கால்மணி நேரம் ஒதுக்கி அதனைக் கழுவி நிழலில் உலர்த்துவானாயின், அவன் தொட்ட வண்டி கீறலின்றித் துலங்கும். அவன் தொழிலுக்கும் நல்ல பெயர் நிலைக்கும்.